முதலில் பலகை, பிறகு காபட்: அரை அங்குலத்தில் போகும் இலாபம்

எமது பக்கத்தில் "காபட் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் வீதிதான் நினைவுக்கு வரும். இக்கட்டுரை அந்தக் காபட்டைப் பற்றியதல்ல. அறைக்குள் சுவருக்குச் சுவர் விரிக்கப்படும் துணிக் காபட்டையும், அது சுவரைத் தொடும் இடத்தில் ஓடும் மூன்று, நான்கு அங்குலப் பலகையையும் பற்றியது. பாஸ்மார் அதை ஸ்கர்ட்டிங் என்பார்கள். அந்தப் பலகையை முதலில் அடிப்பதா, காபட்டை முதலில் விரிப்பதா என்பதுதான் கேள்வி.

கேட்பதற்குச் சின்ன விடயம். ஆனால் சிறிய கொன்ட்ராக்ட் ஒன்றின் முழு இலாபமும் அந்தப் பலகைக்கு அடியிலுள்ள அரை அங்குலத்தில் போய்விட்டதை நான் கண்டிருக்கிறேன். போன காசில் என் காசும் இருந்தது.

சில வருடங்களுக்கு முன்னர் கீரிக் கடற்கரைப் பக்கமாக ஒருவர் ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்குமிடம் கட்டினார். யுத்தம் 2009இல் முடிந்து, 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டு, 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிய பின்னர் தீவுக்கு வெளியாட்கள் வருவது கூடியது. பறவை பார்க்க வருபவர்கள், காற்றாலை வேலைக்கு வந்த பொறியியலாளர்கள், அலுவலக வேலையாக வந்து இரண்டு இரவு தங்குபவர்கள் என்று அறைக்குத் தேவை இருந்தது. அவரும் மேல்மாடி அறைகளுக்கு ஏசி பூட்டி, காபட் விரித்து, நல்ல முறையில் செய்ய நினைத்தார். பலகையும் பெயின்ட்டும் என்னிடம். தச்சு வேலையை மேற்பார்வை செய்து முடித்துக் கொடுக்கும் பொறுப்பும் என்னிடம். காபட் வெளியூர்க் கடையொன்றிலிருந்து, அவர்களது ஆட்களோடு வந்தது.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. தச்சு பாஸ் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டார். காபட் லொறி அவருக்கு முன்னரே வந்து நின்றது. பாஸிடம் போனில் கேட்டேன். "அவங்க விரிச்சிட்டுப் போகட்டும் முதலாளி. நான் மேலால பலகையை அமத்தி அடிச்சா நீக்கலே தெரியாது" என்றார். எனக்கும் சரியாகவே பட்டது. தலையாட்டினேன்.

உண்மையில் நீக்கல் தெரியவில்லைதான். பார்ப்பதற்கு அச்சில் வார்த்தது போல் இருந்தது. பலகைக்குப் பெயின்ட் அடிக்க வந்த பையன் காபட்டின் மேல் பத்திரிகைத் தாளை விரித்து வேலை செய்தான். இரண்டு இடத்தில் எனமல் சொட்டியது. கட்டிலின் காலை நகர்த்தி அதை மறைத்தோம். மூன்றாம் மாதம் ஏசியிலிருந்து தண்ணீர் போகும் குழாய் அடைத்து, ஓர் அறையின் மூலையில் காபட் ஊறியது. ஊறிய காபட்டை உடனே தூக்கிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து அறை முழுக்க மணக்கும். தூக்கப் போனால் வரவில்லை. காபட்டின் ஓரம் பலகைக்கு அடியில் இறுகிக் கிடந்தது. பலகையோ மூன்று அங்குல ஆணியில் சுவரோடு நின்றது. நெம்பியபோது பலகை பிளந்தது, பூச்சும் கையளவு பெயர்ந்து விழுந்தது.

காபட் கடைக்காரர், பலகை அடித்தது தங்கள் வேலையல்ல என்றார். பாஸ், காபட்டை முதலில் விரித்தது தன் குற்றமல்ல என்றார். அறையின் சொந்தக்காரர் என்னைப் பார்த்து, "நானா, நீங்கதானே முடிச்சுத் தாறன் என்டு சொன்னீங்க" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. புதுப் பலகை, புதுப் பூச்சு, புதுப் பெயின்ட் எல்லாம் என் கணக்கில் போனது. ஆறு அறைகளிலும் நான் பார்த்த இலாபம் அந்த ஓர் அறையின் மூலையோடு சரி.

இப்போது விடயத்துக்கு வருவோம். முதலில் பலகை, அடுத்து பெயின்ட், கடைசியில்தான் காபட். இந்த ஒழுங்குக்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் வாடிக்கையாளருக்கு விளக்குவதும் இலகு, பாஸ்மாரோடு வாதாடுவதும் இலகு.

நல்ல மரப்பலகை வீடு உள்ளவரை நிற்கும். காபட் அப்படியல்ல. ஆட்கள் வந்து போகும் அறையில் பத்து வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய விடயம். அதற்கிடையில் ஊறலாம், எரியலாம், கிழியலாம். அடிக்கடி மாறும் பொருளை நிரந்தரமாக நிற்கும் பொருளுக்கு அடியில் கொண்டுபோய் அமத்தினால், ஒன்றை மாற்றும்போதெல்லாம் மற்றதையும் உடைக்க வேண்டிவரும். என் கதையில் நடந்தது அதுதான்.

முன்னைய காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. எமது வீடுகளில் பனையோலைப் பாயும் பன்பாயும் விரித்தோம், காலையில் சுருட்டி மூலையில் வைத்தோம். வசதியான வீட்டில் நடு அறையில் ஒரு விரிப்புக் கிடக்கும், அதுவும் சுவரைத் தொடாது. சுவருக்குச் சுவர் காபட் சாதாரண மக்களுக்கும் எட்டியது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற ஊர். அங்கே கெத்தரின் எவன்ஸ் என்ற பெண் 1895இல், தமது பதினைந்தாவது வயதில், துணியில் நூலைக் குத்தி எடுத்துக் குஞ்சம் வைத்த கட்டில் விரிப்பொன்றைக் கையால் செய்தார். 1900இல் அப்படியொரு விரிப்பை இரண்டரை டொலருக்கு விற்றார். அந்தக் கைத்தொழில் ஊர் முழுக்கப் பரவியது. பின்னர் அதே குத்தும் முறையை அகலமான இயந்திரத்தில் ஏற்றியபோது கட்டில் விரிப்பு ஊர் காபட் ஊராக மாறியது. இன்று கடையில் கிடைக்கும் காபட்டில் பெரும்பகுதி நெய்ததல்ல, இவ்வாறு குத்தியெடுத்ததுதான். வீட்டிலிருந்து செய்யும் பெண்களின் வேலையை வியாபாரமாகவே கணக்கெடுக்காத எம்மவர்கள் இந்த டால்டன் கதையை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

சுவருக்குச் சுவர் விரிக்கும் காபட்டைப் பிடித்து நிறுத்துவது பசையல்ல. சுவரோரமாக ஒரு மெல்லிய மரப்பட்டி அடிப்பார்கள். அதில் சின்னச் சின்ன ஆணி முனைகள் சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும். காபட்டை முழங்காலால் உந்தும் கருவி கொண்டு இழுத்து அந்த முனைகளில் மாட்டுவார்கள். இந்த ஆணிப்பட்டியைச் சுவரோடு ஒட்டி அடிக்கக் கூடாது. பட்டிக்கும் பலகைக்கும் இடையில் காபட்டின் தடிப்பைவிடச் சற்றுக் குறைவாக, பொதுவாக இரண்டு நூல் அளவு, இடம் விட வேண்டும் (எட்டு நூல் ஓர் அங்குலம்). வெட்டிய ஓரத்தை அந்தக் காலுக்குள் தட்டி இறக்கினால் கத்தி போன தடம் வெளியில் தெரியாது. பலகை முன்கூட்டியே அங்கே நிற்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அது இல்லாமல் ஓரத்தை எதற்கு எதிராக இறுக்குவது?

பலகையைத் தரையோடு ஒட்டி அடிப்பதா, உயர்த்தி அடிப்பதா என்பது அடுத்த கேள்வி. மூன்று அல்லது நான்கு நூல் உயர்த்தி அடிப்பது நல்லது. ஓரம் அடியில் இலகுவாகப் புகும், பிறகு இழுத்தால் இலகுவாக வெளியே வரும். இங்கே பலர் ஒரு பிழை விடுகிறார்கள். காபட்டின் அடியில் போடும் மெத்தையின் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு முக்கால் அங்குலத்துக்கு மேல் உயர்த்தி விடுகிறார்கள். மெத்தை ஆணிப்பட்டியோடு நின்றுவிடும், பலகைக்கு அடியில் போகாது. எனவே காபட்டின் தடிப்பு மட்டும்தான் கணக்கு. அளவு பிசகாமலிருக்க எளிய வழி, நான்கு நூல் பிளைவூட் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாகச் சுவரோரம் வைத்து, அவற்றின்மேல் பலகையை இருத்திப் பூட்டி, பிறகு துண்டுகளை உருவி எடுப்பது. தரை பள்ளம் மேடாக இருந்தால் பலகை அதைப் பின்தொடர்ந்து வளையக் கூடாது. மட்டம் பார்த்தே பூட்ட வேண்டும்.

இந்த அரை அங்குலத்தில் இன்னுமொரு நன்மை உண்டு. நாளைக்கு வீட்டுக்காரர் காபட் வேண்டாம், டைல்ஸ் போடுவோம் என்றால் டைல்ஸின் தடிப்பு அந்த இடைவெளிக்குள் ஏறத்தாழப் போய்விடும், பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்ற நேர்ந்தாலும் சேதமில்லாமலிருக்க, ஆணியை விட்டு ரோல் பிளக்கும் ஸ்குரூவும் பாவிப்பதே என் ஆலோசனை. கூலி கொஞ்சம் கூடும். ஸ்குரூத் தலை மேல் பூட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் தெரியாது.

பலகைக்கு முன்புறம் மட்டும் பெயின்ட் அடித்தால் போதாது. சுவரைப் பார்க்கும் பின்புறத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் பூட்டுவதற்கு முன்னரே ஒரு கோட் கொடுத்துவிட வேண்டும். பூட்டிய பின் அந்தப் பக்கங்களுக்குத் தூரிகை எட்டாது, எமது ஊரில் ஈரம் ஏறுவதோ அந்தப் பக்கங்களால்தான். கடைசிக் கோட்டுக்கும் காபட் வேலைக்கும் இடையில் சில நாட்கள் விடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாத பெயின்ட்டும் காபட் ரோலின் முதுகு உரசினால் கழரும். எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் ஓரிரு கீறல் விழும். அதற்காக ஒரு சின்ன டின் பெயின்ட்டை ஒதுக்கி வைத்தால் கடைசி நாளில் சரிசெய்யலாம். அதேபோல் கதவுகளின் அடியையும் முன்கூட்டியே சீவ வேண்டும். காபட்டும் மெத்தையும் சேர்ந்து தரையை உயர்த்திவிட்டபின் திறக்காத கதவைக் கழற்றி, புதுக் காபட்டின் மேல் வைத்து மரத்தூள் பறக்கச் சீவிய காட்சியையும் நான் கண்டதுண்டு.

எல்லாத் தரைக்கும் இதே முறை என்று நினைக்க வேண்டாம். எமது கட்டடங்களில் அதிகம் இருப்பது மரப்பலகையல்ல, டைல்ஸ் வெட்டி ஒட்டிய ஸ்கர்ட்டிங்தான். இரண்டடி டைல்ஸ் ஒன்றை வெட்டினால் நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஆறு துண்டுகள் வரும். அது தரையோடு ஒட்டித்தான் நிற்கும், அடியில் இடைவெளி கிடைக்காது. பரவாயில்லை, ஆணிப்பட்டிக்கும் டைல்ஸுக்கும் இடையிலுள்ள கால் அந்த வேலையைச் செய்யும். அலுவலகங்களில் போடும் ஐம்பது சென்ரிமீற்றர் சதுரக் காபட் துண்டுகளுக்கு ஆணிப்பட்டியே தேவையில்லை. அவற்றையும் ஸ்கர்ட்டிங் முடிந்த பிறகே வெட்டிப் பொருத்த வேண்டும். பசை போட்டு ஒட்டும் மெல்லிய ரகத்துக்கு மட்டும் சிலர் பலகையைப் பின்னால் அடிக்கிறார்கள். ஓரம் கிளம்பாது என்பது அவர்களது வாதம். மாற்றும் நாளில் அவர்கள் வரமாட்டார்கள் என்பது என் பதில்.

பள்ளிவாசல் வேலை எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மன்னாரிலிருந்து கிப்லா நேர் மேற்கல்ல, மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்குப் பக்கம். கட்டும்போதே திசை பார்த்துக் கட்டிய பள்ளியில் பிரச்சினையில்லை. வீடாகவோ மண்டபமாகவோ இருந்து தொழுமிடமாக மாறிய கட்டடத்தில் சுவர் ஒரு பக்கம் போகும், ஸப்பு வரிசை இன்னொரு பக்கம் போகும். அப்போது ஒவ்வொரு ரோலின் முனையும் சாய்வாக வெட்டுப்படும். நான்கு அடி அகல ரோலில் இந்தச் சாய்வு ஒன்றரை அடிக்கு மேல். பார்த்தவுடன் வரிசைக்கு ஒன்றரை அடி கழிவு என்று பயந்து விலையைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு வரிசையின் முடிவு வெட்டே அடுத்த வரிசையின் தொடக்க வெட்டாக அமையும், சாய்வு ஒன்றுதானே. உண்மையான கழிவு முன்னாலும் பின்னாலும் வரும் மூலை முக்கோணங்களில்தான். அவற்றைத் தாளில் வரைந்து எண்ணிய பிறகு நிர்வாக சபைக்கு விலை சொல்லுங்கள். இவ்வாறான சாய்வு வெட்டில் நேரான ஓரம் கிடைப்பது கஷ்டம் என்பதால், மரப்பலகை உள்ள இடத்தில் அடியில் அரை அங்குலம் இருப்பது இங்கே மிகவும் கைகொடுக்கும்.

அளவு எடுக்கும் நேரமும் முக்கியம். பதினாறுக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 56 அடி, கதவுக்கு மூன்றைக் கழித்தால் 53, வெட்டுக் கழிவோடு 60 அடிப் பலகை வாங்க வேண்டும். காபட்டுக்குத் தரையின் பரப்பு 192 சதுர அடி. அந்த 192க்கு விலை சொல்லிவிட்டுக் கடைக்குப் போனால் 12 அடி அகல ரோல் இருக்கும். அறையின் அகலமும் 12 அடி, சுவர் கொஞ்சம் கோணலென்றாலும் ஓரத்தில் வெட்டி இறக்கத் துணி மிஞ்சாது. நான்கு மீற்றர், அதாவது 13 அடி ஓர் அங்குல ரோலில் பதினாறரை அடி வெட்ட வேண்டும், சுமார் 216 சதுர அடி. சொன்ன விலைக்கும் வாங்கியதற்கும் 24 சதுர அடி வித்தியாசம். ஓர் அறைக்கு 24 என்றால் ஆறு அறைக்கு 144. எங்கே போனது இலாபம் என்று பிறகு தேடுவதில் பயனில்லை.

ஈரம் பற்றிச் சொல்லாமல் எமது ஊரில் காபட் பற்றிப் பேச முடியாது. உப்புக் காற்று ஒரு பக்கம், சரியாகக் கழுவாத கடல் மணலில் குழைத்த சீமெந்து மறு பக்கம். மணலிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சுவரின் அடியில் வெள்ளையாகப் பூக்கும். கைக்குக் காய்ந்தது போலிருக்கும் தரையும் உள்ளே ஈரமாக இருக்கலாம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மறுநாள் அடியில் நீர்த்துளியோ, சீமெந்தில் கறுத்த நிறமோ தெரிந்தால் காபட் விரிக்க வேண்டாம். புதுக் கொங்கிரீட் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது தொழிலாளரின் பொதுக் கணக்கு. ஈரம் இருந்தால் ஆணிப்பட்டியின் முனைகள் துருப்பிடித்துக் காபட்டின் ஓரத்தில் மண்ணிறக் கறை வரும். எம்டிஎஃப் பலகை ஊதிப் பருக்கும், சாதாரண மரத்தைக் கறையான் தேடி வரும். கீழ்மாடியில் பிவிசி அல்லது டைல்ஸ் ஸ்கர்ட்டிங்தான் பாதுகாப்பு.

கடற்கரையோரக் கீழ்மாடி அறைக்குக் காபட்டே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். குளித்துவிட்டு மணல் காலோடு வருபவரை நிறுத்த முடியாது. அங்கே டைல்ஸ் போட்டு நல்ல பனையோலைப் பாய் ஒன்றை விரித்தால் வெளிநாட்டவர் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். விற்பனை போய்விடும் என்று பயந்து இதைச் சொல்லாமல் விடும் கடைக்காரர் ஒருமுறைதான் விற்பார்.

இறுதியாக எழுத்து. அந்த அறைக்குப் பின்னர் நான் விலைக் கூற்றில் வேலை ஒழுங்கையும் எழுதுகிறேன். பலகை எந்த நாள், பெயின்ட் எந்த நாள், காபட் ஆட்கள் அதற்கு எத்தனை நாள் கழித்து வர வேண்டும், கதவு சீவுவது யார் பொறுப்பு, பொலித்தீன் சோதனையை யார் பார்த்தது என்றெல்லாம். காபட் கடைக்காரருக்கும் பாஸுக்கும் ஒவ்வொரு பிரதி. விலை எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும் என்பதும் அதில் இருக்கும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐ எட்டியபோது, தேதி போடாமல் இறக்குமதிப் பொருளுக்கு விலை எழுதிக் கொடுத்தவர்களின் நிலை எல்லோருக்கும் தெரியும்.

கீரித் தங்குமிடத்தின் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பின்னர் கட்டிய இரண்டு அறைகளையும் என்னிடமே தந்தார். இம்முறை காபட் லொறி வந்தபோது பலகை பூட்டி, பெயின்ட் அடித்து ஆறு நாள் ஆகியிருந்தது. மிஞ்சிய காபட்டில் இரண்டடித் துண்டொன்றைச் சுருட்டி, ரோல் இலக்கத்தைப் பின்னால் எழுதி அவரது அலுமாரியில் வைத்துவிட்டு வந்தேன். சிகரட் பட்டு எரிந்த இடத்துக்கு ஒட்டுப்போட அதே நிறம் பிறகு கடையில் கிடைக்காது.